ஆற்றங்கரை யாருக்கு?

சுங்கை என்னும் மலாய்ச் சொல்லுக்கு ஆறு என்று பொருள். ஆற்றையே தன் பெயரில் தாங்கிய கெடாவின் சுங்கைப் பட்டாணியில், ஆற்றங்கரையோரம் குழந்தைகளுடன் ஒரு மைல் தடையின்றி நடந்தவர் எத்தனை பேர் என்று நாம் கேட்கிறோம்.

கரைநெடுக நிழல்மரங்களும் நடைபாதையும் வேண்டுமென்றால், அது பணக்காரர் உல்லாசம், ஏழைக்கு முதலில் சோறே வேண்டும் என்பர் சிலர். இது ஏழையின் பெயரால் ஏழைக்கே செய்யும் துரோகமாகும். பணக்காரனுக்குச் சொந்தத் தோட்டமுண்டு, மோட்டாருமுண்டு. ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபின், லயத்து வாசலையும் விளையாட்டுத் திடலையும் இழந்து பட்டணத்து அடுக்குமாடியில் ஒடுங்கிய தொழிலாளி மாலையில் காலாற நடக்க எங்கே போவான்?

முடியாத காரியமென்பதும் பொய். சிங்கப்பூர் 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் தன் நாற்றமெடுத்த ஆற்றைத் தூய்மையாக்கிற்று; கரைவாசிகளுக்கு மாற்று வீடும் அளித்தது. அகமதாபாத்திலோ, சபர்மதிக் கரையை அழகுபடுத்த 10,000-க்கு மேற்பட்ட குடிசைக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. நீதிமன்றம் ஏறியே பலர் வீடு பெற்றனர். ஏழையை விரட்டிப் போடும் பாதை நமக்கு வேண்டாம்.

நம் நாட்டில் ஆறும் நிலமும் மாநில அரசின் அதிகாரத்திலுள்ளவை. நகராண்மைக் கழகத்தாரோ, 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது முதல் நியமனம் பெற்று வருபவரே. நம் வாக்கு அவர்களை அசைக்காது. ஆகவே, தோழர்களே, சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்: ஆற்றோர ஒதுக்குநிலம் எங்கே? அதில் பாதை எப்போது? விருந்துக்கும் மாலை மரியாதைக்கும் அவரை அழைக்கத் தெரிந்த நமக்கு, பொதுவழி கேட்க மட்டும் நா எழாததேன்?