டேங்க் கிளீனர் என்னும் பெயர்

மீன்தொட்டியில் பாசி படிகிறது என்று வண்ணமீன் கடையில் சொன்னால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: “ஒரு டேங்க் கிளீனர் வாங்கிப் போடுங்கள்.” கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் அந்தச் சிறு மீனைச் சக்கர் மீன் என்றும் அழைப்பர். மொழியியல் பயின்ற எனக்கு முதல் ஐயம் அப்பெயரின்மீதே எழுகிறது. ஓர் உயிரை, அது செய்வதாக நாம் நம்பும் வேலையைக் கொண்டு பெயரிட்டுவிட்டால், அதன் பசியும் வளர்ச்சியும் கழிவும் நம் கண்ணில் படுவதில்லை.

விரல் நீளத்தில் விற்கப்படும் அம்மீன் தென் அமெரிக்க ஆறுகளுக்குரியது. வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும். நாற்பது லிட்டர் தொட்டியில் அது வெளியிடும் கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கே உரமாகின்றன. தொட்டி போதாத நாள் வந்ததும், ‘கொல்லாமல் விட்டோம்’ என்ற நிறைவோடு பலர் அதனை ஏரியில் விடுகின்றனர். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, மேற்கு வங்கம் ஆகியவற்றின் நீர்நிலைகளில் இவ்வினம் இன்று பரவியிருக்கிறது. அது கரைகளில் வளை தோண்டுகிறது. அதன் கவச உடலும் முள்துடுப்பும் வலைகளைக் கிழிக்கின்றன. நம் வரவேற்பறை அழகுக்கான விலையை உள்நாட்டு மீனவர் செலுத்துகிறார்.

பாசி நமக்குச் சொல்வது ஒன்றே: தொட்டியில் ஒளியும் ஊட்டமும் மிகுந்துவிட்டன. தீர்வும் அங்குதான் தொடங்க வேண்டும். சன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே இரையிடுங்கள். வாரந்தோறும் கால்பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாய்நீரின் குளோரின், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களை அழித்துவிடும். பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனையில் பார்த்த ஹைட்ரில்லாவை நட்டால், பாசிக்குச் சேரும் ஊட்டத்தை அது முந்திக்கொண்டு உறிஞ்சும். கண்ணாடியில் எஞ்சுவதைக் காலாவதியான ஏடிஎம் அட்டையால் சுரண்டிவிடலாம்.

‘பாசி’ என்ற ஒரே சொல்லுக்குள் பல உயிர்கள் அடங்குவதையும் கவனிக்க வேண்டும். புதிய தொட்டியின் பழுப்புப் படலம் டயாட்டம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறையும். நீரே பச்சையாவது மிதக்கும் நுண்பாசியால்; விளக்கை அணைத்து, காற்றுக் குழாயை மட்டும் இயங்கவிட்டு, மூன்று நான்கு நாள் தொட்டியைத் துணியால் மூடிவைத்தால் தணியும். தோல்போல் உரியும் நீலப்பச்சைப் படலமோ உண்மையில் பாக்டீரியா. இவை அனைத்திற்கும் ஒரே புட்டி மருந்து என்பது நம்பத்தக்கதன்று. செம்பு கலந்த பாசிக்கொல்லி நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. மடிந்த பாசி அழுகும்போது நீரின் ஆக்சிஜனும் குறையும்.

ஆய்வுப் பணிக்கிடையே இதற்கு நேரமேது என்று கேட்கலாம். வாரம் அரைமணி நேரம் போதும். அதுவும் இயலாதெனில், மீன் வளர்ப்பதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதே நேர்மை. ஏற்கெனவே சக்கர் மீன் வைத்திருப்போர் அதைக் கடையிலோ பெரிய தொட்டி உடையவரிடமோ ஒப்படையுங்கள். படிப்பு முடிந்து விடுதி அறையைக் காலிசெய்யும் நாளில், வளாகக் குளத்தில் மட்டும் விட்டுச் செல்லாதீர்கள்.