கை நின்றது, நாக்கு குழறுகிறதே!

காபி டம்ளரை உதட்டுக்குக் கொண்டு போவதற்குள் பாதி வேட்டியில். நெல் போட்ட ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னால் பேனா ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இப்படி ஒரு பெரியவர் இல்லாத தெரு நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் உண்டா, சகோதரிகளே? "நரம்புத் தளர்ச்சி, வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் மாத்திரைதான். அது பலிக்காமல், சோறு பிசைந்து சாப்பிடவே முடியாத நிலை வந்தால் டாக்டர்கள் சொல்வது டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன். மூளைக்குள் தாலமஸ் என்ற இடத்தில் மெல்லிய கம்பியைச் செருகி, மார்புத் தோலுக்கு அடியில் வைத்த பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுப்பார்கள். 1987-ல் பிரான்சில் கிரெனோபிள் நகரத்து டாக்டர் பெனபித் கொண்டுவந்த முறை. பலருக்குக் கை நன்றாகவே அடங்குகிறது. ஆனால் சிலருக்குப் பேச்சு குழறுகிறது. இதைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன்.

மடை திறந்தால் நம் வயலுக்கு மட்டுமா தண்ணீர் போகிறது? கொஞ்சம் கூடினால் வரப்பு தாண்டி அடுத்தவன் வயலிலும் நிற்கும். இதுவும் அப்படித்தான். நடுக்கத்தை அடக்கும் இடத்தை ஒட்டியே நாக்கையும் உதட்டையும் ஆட்டிவைக்கும் நரம்பு இழைகள் ஓடுகின்றன. நடுவே மில்லிமீட்டர் கணக்கில்தான் இடைவெளி. மூளையின் இரு பக்கமும் கம்பி வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். அதனால் சாதாரண கை நடுக்கத்துக்கு, "சாப்பிட, எழுத உதவும் கைக்கு மட்டும் ஒரு பக்கம் வைத்தால் போதாதா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இந்தத் தொல்லை ஒன்றும் புதிதல்ல. 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். பின்னால் அவரும் டாக்டர்கள் பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் ஆகியோரும் மூளையின் ஆழத்தில் செய்யும் நுட்பமான சிகிச்சைகளில் பேர் பெற்றார்கள். அந்தக் காலத்தில் உலகெங்கும் நடுக்கத்துக்குச் செய்தது, தாலமஸில் ஒரு சிறு புள்ளியை அழிப்பது. இரு பக்கமும் செய்தால் பேச்சு போய்விடும் பயம் உண்டு. அழித்தது அழித்ததுதான். மின்சாரம் அப்படியில்லை, மடையைக் குறைக்கலாம். கம்பியின் நுனியில் பல முனைகள் உண்டு. டாக்டர் முனையை மாற்றுவார், அளவைக் குறைப்பார். பேச்சு தெளிந்து கை கொஞ்சம் ஆடலாம். சிலருக்குப் பேசுவதற்கு ஓர் அளவு, சாப்பிடுவதற்கு ஓர் அளவு என்று வைத்து, மாற்றிக்கொள்ளக் கையடக்கக் கருவியும் கொடுப்பதுண்டு.

ஆனால் டாக்டருக்கு யார் சொல்வது? பெரியவர் சொல்லமாட்டார். "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, இனி என்ன குறை சொல்றது" என்று வாயை மூடிக்கொள்வார். திண்ணையில் பேச்சு குறைந்தால் கோபம் என்று நினைத்துக்கொள்வோம். கூடவே இருக்கும் நமக்கு அவர் குழறல் பழகிப்போய்விடும், மாதம் ஒருமுறை போன் பண்ணும் மகள்தான், "அப்பா ஏன் இப்படிப் பேசறார்?" என்பாள். அவள் சொல்வதைத் தட்டாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே அவர் பேசுவதைச் செல்போனில் பதிந்து வையுங்கள். ரயில் ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள்: திருவிடைமருதூர், கும்பகோணம், சுந்தரப்பெருமாள்கோயில், பாபநாசம்... நாக்குக்கு நல்ல வேலை! பிறகு ஒவ்வொரு முறை அளவை மாற்றி வந்ததும் அதையே மறுபடி பதியுங்கள். இரண்டையும் டாக்டரிடம் போட்டுக் காட்டினால் நூறு வார்த்தை மிச்சம். சாப்பிடும்போது புரையேறுகிறதா என்பதையும் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பதிலும் தப்பில்லை.

ஒன்று மட்டும் வேறு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வாய் குழறி, முகம் ஒரு பக்கம் கோணி, கையோ காலோ தளர்ந்தால், மெஷின் கோளாறு என்று அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்கள்.