மேல்மடைத் தண்ணியும் உங்க லேப்டாப்பும்

பைத்தான் கத்துக்கலாம்னு ஆசையா லினக்ஸ் முன்னால உட்கார்ந்து, ‘பிப் இன்ஸ்டால்’னு அடிக்கிறீங்க. பளிச்னு ஒரு பிழைச் செய்தி: ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’. அதாவது, “தம்பி, இந்த இடத்தைப் பார்த்துக்க வேற ஆள் இருக்காங்க. நீ கை வைக்காதே!” 2023 ஜூன்ல டெபியன் 12 வந்ததுல இருந்து அங்கே இந்தத் தடை. சீனியர் அண்ணன்கள் உடனே குறுக்குவழி காட்டுவாங்க. ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’னு கூடச் சேர்த்து அடி, வேலை முடிஞ்சுது! பேர்லயே உடைச்சுடுவேன்னு சொல்லிட்டுத்தான் வருது. இருந்தாலும் அடிக்கிறோம். நம்ம தைரியம் அப்படி!

சரி, யார் அந்த ‘வேற ஆள்’? அவருக்குப் பேர் பேக்கேஜ் மெயின்டெய்னர்.

அபிராமம், கமுதி பக்கத்து நண்பர்களுக்கு இவரை அறிமுகப்படுத்துறது ரொம்பச் சுலபம். ராமநாதபுரம் சீமையில கண்மாய்தான் விவசாயத்துக்கு உயிர். வரத்துக்கால்ல குப்பையும் வேகமுமா வர்ற தண்ணி நேரா வயலுக்குப் போயிடாது. கண்மாயில நின்னு, மடை வழியா அளவாத்தான் இறங்கும். அதைத் திறக்க, மூட, பங்கு பிரிக்க நீர்பாய்ச்சின்னே ஒருத்தர் உண்டு. லினக்ஸ் உலகத்துலயும் புரோகிராம் எழுதினவங்களை ‘அப்ஸ்ட்ரீம்’னுதான் சொல்றாங்க. ஓடைக்கு மேல்பக்கம்! கீழ்பக்கம் உங்க லேப்டாப். நடுவுல மடையில நிக்கிறவர்தான் நம்ம ஆள்.

பைத்தான், பெர்ல், ரூபினு ஒவ்வொரு மொழிக்கும் லைப்ரரிகள் குவிஞ்சு கிடக்கு. டெபியன் 12-ல மட்டும் எல்லாமாச் சேர்த்து 64,000 பேக்கேஜுக்கு மேல. ஒரு லைப்ரரியோட புது வெர்ஷன் வந்ததும் மெயின்டெய்னர் அதை எடுத்து, லைசென்ஸ் ஒழுங்கா இருக்கான்னு படிச்சு, எது எதை நம்பி ஓடுதுன்னு குறிச்சு, கட்டி, சோதிச்சு, அப்புறம்தான் உள்ளே விடுவார். ‘ஸ்டேபிள்’ பதிப்பு வெளிவந்துட்டா வெர்ஷன் பெரும்பாலும் அப்படியே நிக்கும். அதுக்குப் பிறகு ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிஞ்சா, புது வெர்ஷன்ல இருக்கிற திருத்தத்தை மட்டும் பிரிச்செடுத்து பழசுல ஒட்டணும். புதுசா ஒண்ணு எழுதுறதைவிட இது கஷ்டம்னுதான் நான் சொல்வேன். கைதட்டல் என்னவோ எழுதினவருக்குத்தான்!

பைத்தான் 2 கதையைக் கேளுங்க. 2020 ஜனவரி 1-ம் தேதியோட அதுக்கு ஆதரவு முடிஞ்சுது. அதை நம்பியிருந்த பேக்கேஜை எல்லாம் பைத்தான் 3-க்கு மாத்தணும், முடியாததைத் தூக்கணும். ஆனா, அடிக்கல்லை உருவினா மேல இருக்கிறது சரிஞ்சிடுமே! அதனால, வேற எதுவும் நம்பியிராத நுனி பேக்கேஜ்ல ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா அடிக்கு இறங்கி வந்தாங்க. டெபியன் 12 வந்தப்ப பைத்தான் 2 அதுல இல்லவே இல்லை. வருஷக்கணக்குல நடந்த இந்த வேலையில பெரும்பகுதி சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள் செஞ்சது.

மடையில கை தவறினா என்ன ஆகும்? 2006-ல டெபியனோட ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜ்ல, சோதனைக் கருவி ஒண்ணு எச்சரிக்கை காட்டுதேன்னு நிரல்ல ரெண்டே வரியை முடக்கினாங்க. மேல்பக்கத்துல கேட்டுட்டுத்தான் செஞ்சாங்க. ஆனா, ரகசியச் சாவி உருவாக்கத் தேவையான ‘குருட்டாம்போக்கு’ அந்த வரியிலதான் இருந்துச்சு. கணக்கே இல்லாம இருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் 32,768-க்குள்ள அடங்கிப்போச்சு. திருடன் உட்கார்ந்து எல்லாத்தையும் போட்டுப் பார்த்துடலாம்! 2008 மே மாசம்தான் விஷயம் வெளியே வந்தது. உலகம் பூரா டெபியன், உபுண்டு சர்வர்கள்ல சாவியை மாத்திக்கிட்டே இருந்தாங்க.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதை இல்லை. 2011-ல தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்ப, விண்டோஸ் பக்கத்துலயே ‘பாஸ்’ லினக்ஸும் இருந்துச்சு. (இது நம்ம ‘என்ன பாஸ்’ இல்லை... பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்!) சி-டாக் உருவாக்கினது, அஸ்திவாரம் டெபியன். நிறைய பேர் முதல் வேலையா அதை அழிச்சுட்டு அந்த இடத்துல படத்தை ஏத்தினாங்க. அழிக்காதவங்களுக்கு, நெட் எட்டாத ஊர்லகூட பெர்லும் பைத்தானும் தயாரா உள்ளேயே இருந்துச்சு. முகம் தெரியாத யாரோ கட்டிக் கொடுத்தது.

அந்த யாரோ களைச்சுப்போனா? 2024 மார்ச்ல அதுவும் தெரிஞ்சுது. எக்ஸ்இசட்னு ஒரு சுருக்கும் மென்பொருள். வருஷக்கணக்கா லாசே காலின் கிட்டத்தட்ட ஒத்தை ஆளா இழுத்துட்டு இருந்தார். ‘ஜியா டான்’ங்கிற பேர்ல ஒருத்தர் உதவ வந்து, ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பிள்ளையா உழைச்சு, பொறுப்பையும் வாங்கி, உள்ளே கள்ளக்கதவு வெச்சுட்டார்! டெபியனோட சோதனைப் பதிப்பு ஒண்ணுல லாகின் அரை நொடி தாமதமாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நோண்டிப் பார்த்ததால மாட்டுச்சு. ‘ஸ்டேபிள்’ வரைக்கும் அது வரலை. மடை மெதுவாத் திறக்கிறதுல இப்படி ஒரு லாபம்!

ஊர்க் கண்மாய்க்கு ஊரே இறங்கிச் செஞ்ச வேலைக்குக் குடிமராமத்துன்னு பேர். இங்கேயும் ஆள் பத்தலை. பார்க்க ஆளில்லாத பேக்கேஜை டெபியன்ல ‘ஆர்ஃபன்’னு சொல்றாங்க, அநாதை! யார் வேணும்னாலும் தத்தெடுக்கலாம். ஆரம்பத்துல நீங்க கட்டினதை அனுபவசாலி ஒருத்தர் சரிபார்த்து, தன் பொறுப்புல ஏத்துவார். டெவலப்பர் ஆகணும்னா, ஏற்கெனவே டெவலப்பரா இருக்கிறவங்க உங்களை அடையாளம் பார்த்து டிஜிட்டல் சாவியில கையெழுத்துப் போடணும். வழக்கமா நேர்ல பார்த்துத்தான். அபிராமத்துல இருந்துக்கிட்டு அதுக்கு ஆள் தேடுறது சிரமம்தான். 2023 செப்டம்பர்ல டெபியனோட உலக மாநாடு முதல்முறையா இந்தியாவுக்கு, நம்ம பக்கத்துக் கொச்சிக்கே வந்துச்சு. அந்த மாதிரி சமயத்துல பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடணும்.

ரெஸ்யூமேல ஒரு வரி சேர்க்க மட்டும்னா வேண்டாம், ரெண்டே மாசத்துல போரடிச்சுடும். நிஜமாவே ஆசை இருந்தா டெபியன் போட்டு, ‘ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்’ங்கிற குட்டி பேக்கேஜை நிறுவி ஓட்டுங்க. உங்க கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிறதுல எதெல்லாம் ஆளில்லாம நிக்குதுன்னு பட்டியல் போட்டுக் காட்டும்.