திருவிருந்தில் ஒன்று, திருமணத்தில் வேறா?

ஆழ்வார்திருநகரியிலும் பக்கத்து நாசரேத்திலும் போதகர்கள் ஞாயிறுதோறும் விசுவாசம், குடும்பம் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் குடும்பத்துக்குள் இருக்கும் சாதியையும் பேசுங்கள் என்கிறோம் நாம்.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. அதனால் இந்துவான அண்ணன் எஸ்.சி., ஞானஸ்நானம் பெற்ற தம்பி பி.சி. ஆதிக்கச் சாதியினர் இருவரையும் தாக்கினாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அண்ணனுக்கு மட்டும்தான்.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது அரசு. ஒரே அப்பத்தைப் பிட்டு உண்டவர்களோ பெண் கொடுக்கும்போது சாதி கேட்கிறார்கள்.

3ஆம் பத்தியை நீக்க டெல்லியோடு போராட வேண்டும். சபைக்குள் சாதியை நீக்க டெல்லி வேண்டாம். சாதி மறுப்புத் திருமணங்களை முன்நின்று நடத்துங்கள், ஐயர்மாரே!