அண்ணன் இடுப்பில் தம்பி

பால்மரக் காலத்தில் நம் ஜாசின் தோட்டங்களில் பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டால், தம்பிக்கு அண்ணன்தான் தாய். ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிப் போவதும் அவன், கோப்பியில் ரொட்டி தோய்த்து ஊட்டுவதும் அவன். இன்று செம்பனை வந்துவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி.

பினாங்கு ‘அல்லிகேட்ஸ்’ இசைக்குழுவை அறியாதவர் உண்டா? டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் 1960களின் கடைசியிலிருந்து சேர்ந்து பாடியவர்கள். மலாய்ப் பாட்டில் நாடறிந்த தமிழ்ப் பிள்ளைகள். (அந்தச் சுருட்டை முடியை மறக்க முடியுமா!) கைதட்டல் யாருக்கு அதிகம் என்று பிரிந்த குழுக்கள் எத்தனையோ, இவர்கள் பிரியவில்லை. 2007 ஜூன் 4-இல் நுரையீரல் புற்றுநோய் தம்பியைக் கொண்டுபோனது. அண்ணன் அதன் பிறகும் அதே பெயரில் மேடையேறினார்.

தாய்மார்களே, மார்க்கு அட்டை வந்த அன்று “உன் தம்பியைப் பார்!” என்று பெரியவனைக் குத்தாதீர்கள். அப்படிக் குத்துப்பட்ட பையன் மறுநாள் தம்பியின் பென்சிலை ஒடித்ததைக் கண்டிருக்கிறேன். கோபம் அப்பாமேல், ஒடிந்தது பென்சில். அவனையே தம்பிக்கு வாய்பாடு சொல்லித்தர விடுங்கள். தப்பாகச் சொன்னாலும் குறுக்கே போகாதீர்கள். வகுப்பில் நாங்கள் திருத்திக்கொள்கிறோம்.