பாலர்க்குப் பட்டினி மருந்தாமோ?

'லங்கணம் பரம ஔஷதம்' என்பது வடமொழித் தொடரேயாயினும் தமிழர் நாவிற் பழகிப் பழமொழியாகவே நிலைபெற்றுவிட்டது. உண்ணாதிருத்தலே தலைசிறந்த மருந்து என்பது இதன் பொருள். மிகையாக உண்டு செரியாமையால் வருந்தும் ஒருவனுக்கு இது நல்ல அறிவுரையே. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதும் அளவறிந்து உண்ணும் முறையையே பெரிதும் வற்புறுத்துகின்றது. ஆயினும், அவ்வதிகாரத்தை உற்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஆங்கு வள்ளுவர் முன்னிலையில் நிற்பவன் தன் கையால் எடுத்துண்ணும் வளர்ந்த மனிதன். தன் பசியின் அளவைத் தானே அறியக்கூடியவன். தாய்மடியிற் கிடக்கும் எட்டு மாதக் குழவி அன்று. பெருந்தீனிக்காரனுக்குச் சொன்ன மருந்தை வயிற்றோட்டத்தால் வாடும் பச்சிளங் குழந்தைக்கு இடுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

வன்னிப் பெருநிலத்துச் சிற்றூர்களிலே இவ்வைத்தியம் இன்னும் வழக்கொழிந்திலது. குழந்தைக்கு வயிற்றோட்டம் தொடங்கியதும் முதலில் நிறுத்தப்படுவது சோறு; அடுத்துத் தண்ணீர்; சில வீடுகளில் தாய்ப்பாலுங்கூட. 'குடிக்கக் குடிக்கத்தானே போகிறது' என்பது அம்மம்மாமார் கூறும் நியாயம். பல் முளைக்கிறது என்பார் சிலர். நாவூறு என்பார் சிலர். நாவூறு கழிப்பதால் வருந் தீங்கொன்றும் இல்லை. உப்பும் செத்தல் மிளகாயும் அடுப்பிலே தாராளமாக வெடிக்கட்டும். அதுவரையில் குழந்தைக்கு ஒன்றும் கொடாது வைத்திருத்தலே தீங்கு. இவ்வழக்கம் பற்றித் தாய்மாரை அறிவிலார் என இகழ்வோர் கட்சியில் யான் சேரேன். குழந்தை குடித்த சிறிது நேரத்திற் கழிவதைத் தம் கண்ணாற் கண்டே அவர்கள் அம்முடிவுக்கு வந்தனர். தருக்க நூலார் மொழியிற் சொல்வதாயின், அவர்தம் காட்சி பிழையன்று. அதிலிருந்து கொண்ட அனுமானமே பிழை.

அப்பிழை யாதெனிற் கூறுவேன். பிறந்த குழந்தையின் உடல் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு நீராகும். வளர்ந்த ஆடவனுக்கு அது 60 அளவில் நிற்கும். சிறு குடத்தில் ஓட்டை விழுந்தால் அது எத்துணை விரைவில் வற்றுமோ அத்துணை விரைவில் குழந்தையுடலும் வற்றிவிடும். வயிற்றோட்டத்தால் இறக்கும் குழந்தைகளிற் பலர் நீரும் உப்பும் இழந்தமையாலேயே இறக்கின்றனர். ஓட்டையை உடனே அடைக்க இயலாதபோது மேலிருந்து வார்த்துக்கொண்டே இருத்தலன்றி வேறு வழியில்லை. ஆனால், வெறுந் தண்ணீர் இதற்குப் போதாது. உப்பும் சீனியும் தக்க அளவிற் கலந்த நீரையே நோயுற்ற குடல் நன்கு உள்வாங்குகின்றது. குடலின் உட்சுவரிலே ஒரு வாயில் உண்டு. உப்பிலுள்ள சோடியமும் சீனியிலிருந்து பிரியும் குளுக்கோசும் ஒருங்கு சென்றாலன்றி அது திறவாது. அவை நுழையும்போது நீரும் உடன் நுழைகின்றது. றொபேட் கிறேன் என்னும் அறிஞர் 1960ஆம் ஆண்டில் இவ்வுண்மையை எடுத்துரைத்தார். வயிற்றோட்டம் கடுமையாயிருக்கும்போதும் இவ்வாயில் பெரும்பாலும் பழுதுறாதிருத்தல் நாம் செய்த தவம் என்றே கூறவேண்டும். நம் வீட்டு அரிசிக் கஞ்சியும் இவ்வினத்ததே. அரிசியின் மாப்பொருள் குடலிலே குளுக்கோசாக உடைகின்றது. இட்ட உப்போடு கூடி அதே வாயிலைத் திறக்கின்றது.

இவ்வுண்மை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தது போரும் இடப்பெயர்வும் சூழ்ந்த காலத்திலே. 1968இல் டாக்காவிலே டேவிட் நளின், றிச்சட் காஷ் என்னும் இளம் வைத்தியர் இருவர் வாந்திபேதி நோயாளர்க்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிப்பித்து அதன் பயனைக் காட்டியிருந்தனர். 1971இல் கிழக்கு வங்கத்துப் போரிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாகப் புகுந்தனர். எல்லையோரத்துப் பொங்காவிலே வாந்திபேதி பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகும் நிலை. திலீப் மகலனபிஸ் என்னும் குழந்தை வைத்தியர், உப்பு, குளுக்கோசு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பைகளிற் கட்டுவித்து, நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையிலேயே கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார். தாய் மகவுக்கும் தமையன் தங்கைக்கும் ஊட்டினர். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு, அவர் பொறுப்பேற்ற இடத்தில் 4க்கும் கீழே இறங்கிற்று. வைத்தியர் கையிலிருந்த மருந்து உறவினர் கைக்கு மாறியதை அன்று ஐயுற்ற வைத்தியர் பலர். 1978இல் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழ் இதனை இந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாகக் கருதத்தக்கது எனப் பாராட்டிற்று.

நிற்க. போரும் அகதிவாழ்வும் என்ற மாத்திரத்தே நம்மவர் நெஞ்சம் வங்கத்தில் நில்லாது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டிலே, 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், இலட்சக்கணக்கான மக்கள் அடைபட்டுக் கிடந்தனர். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை புதுமாத்தளனுக்குப் பெயர்ந்தது; அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்குப் பெயர்ந்தது. பால்மா பொன்னினும் அரிதாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 8ஆம் நாள், அம்பலவன்பொக்கணையிலே, குழந்தைக்குப் பால்மா பெறுவதற்கு வரிசையில் நின்ற தாய்மார்மேலும் குழந்தைகள்மேலும் எறிகணை வீழ்ந்ததென்றும், இறந்த தாய்மார் சிலர் கையில் பால்மாவுக்குரிய அட்டை இருந்ததென்றும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையிற் பதிந்துள்ளது. அவ்வட்டையைப் பற்றி ஒரு காப்பியமே எழுதலாம். எழுதுதற்கு எனக்கு நெஞ்சுரம் இல்லை.

அந்நாளிலே அரிசியும் உப்பும் நீருமாகக் காய்ச்சி வழங்கிய கஞ்சிதான் பல்லாயிரவர் உயிரைப் பிடித்துவைத்தது. இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் வடக்குக் கிழக்கெங்கும் முள்ளிவாய்க்காற் கஞ்சி வழங்கப்பெறுகின்றது. சிரட்டையில் ஏந்தி, ஊர் கூடிக் குடிக்கின்றோம். அது வேண்டுவதே. எனினும் ஒன்று சொல்வேன்: அக்கஞ்சியைப் போற்றுதற்காக அதனைச் சிறந்த உணவென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தல் ஆகாது. நீர் மிகுந்து சோறு குறைந்த அக்கஞ்சி, வேறொன்றும் கிடையாமையின் அடையாளம். அதுகொண்டு வளரும் குழந்தை எலும்புந் தோலுமாகவே வளரும். நினைவுக்குக் கொள்ளவேண்டிய கஞ்சி வேறு. பிணியுற்ற பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய கஞ்சி வேறு. முன்னதைக் குடிக்கும் நாளில் பின்னதையும் கற்பித்தால் என்ன என்பதே என் வினா.

பின்னது யாது? ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கஞ்சி வேண்டா. தாய்ப்பாலே உணவு, அதனை முன்னையினும் அடிக்கடி ஊட்டுக. வயிற்றோட்டம் உற்றபோது அதனோடு 'ஜீவனி'யையும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இத்துணைச் சிறு குழந்தையை வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கவுங் கூடாது. ஆறு மாதங் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, சோறு கரையக் காய்ச்சி அளவாக உப்பிட்ட கஞ்சியும், பயற்றம் பருப்பும், நன்கு பழுத்த வாழைப்பழமும் ஆகும். ஜீவனிப் பொட்டலத்தை, அதில் எழுதியுள்ள அளவான கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைத்தல் வேண்டும். ஒரு பொட்டலத்தை நான்கு நாளைக்குப் பகிர்ந்து தேநீர்க் குவளையிற் கலக்கும் சிக்கனம் இவ்விடத்து உதவாது. கலந்ததை ஒரு நாளுக்குமேல் வைத்தலுங் கூடாது. பொட்டலம் கிடையாதபோது, ஒரு லீற்றர் நீருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும். உப்பு மிகுந்தால் அதுவே நஞ்சு. ஆதலால் தாய் முதலில் தன் நாவில் இட்டுப் பார்க்கட்டும். கண்ணீரினும் கரித்தால் கொட்டிவிட்டு மீளக் கலக்கட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர். அதற்கு மூத்ததற்கு அதன் இரட்டி. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாக மீண்டும் தொடங்குக. சோடாவும் இனிப்பு மிகுந்த குளிர்பானமும் ஓட்டத்தை மிகுவிக்கும். ஓட்டத்தை 'நிறுத்தும்' மாத்திரையைக் குழந்தைக்கு ஒருபோதும் கடையில் வாங்கிக் கொடுத்தல் ஆகாது. வைத்தியர் கொடுக்கும் சிங்க் மருந்தையோ, ஓட்டம் நின்ற பின்னும் அவர் சொன்ன 10 முதல் 14 நாள் வரை கொடுத்து முடித்தல் வேண்டும்.

மலத்தில் இரத்தம் காணினும், கண்ணும் உச்சிக்குழியும் உள்வாங்கினும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட அது மெல்ல மீளினும், சிறுநீர் குறையினும், குழந்தை குடிக்க மாட்டாது சோர்ந்து துவளினும் அம்மம்மாவைக் கேட்டுக்கொண்டிராமல் வைத்தியசாலைக்கு ஓடுக. வழியிலும் ஊட்டிக்கொண்டே செல்க.

பால்மாவைப் பற்றியும் ஒரு சொல். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே இலங்கை முழுவதும் அதற்கு வரிசையில் நின்றது. மணற்கிணற்று நீரிற் கரைத்துச் சூப்பிப் போத்தலில் அடைத்த மாவே வயிற்றோட்டத்துக்கு வாயிலாவதை எண்ணுவார் சிலரே. போத்தலைக் கழுவுதல் எளிது; சூப்பியைக் கழுவுதல் அரிது. கிண்ணமும் கரண்டியுமே தூயன.

இவையெல்லாம் குடும்பநல உத்தியோகத்தர் வீடுதோறும் சொல்லி வருவனவே. நம் நாட்டிலே வயிற்றோட்டத்தால் இறக்கும் குழந்தைகள் இன்று மிக அருகியமைக்கு அவர்தம் உழைப்பு ஒரு பெருங் காரணம். உலகத்திலோ ஆண்டொன்றுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4,40,000 குழந்தைகள் இதனால் மடிவதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. பின்னர் யாம் ஏன் கவலுறுதல் வேண்டும் எனின், வைத்தியசாலையும் வீதியும் உள்ளவரையே இந்நிலை. 2009இல் அவை அற்றுப்போயின. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோதும் பாதைகள் அடைபட்டன. அந்நாளில் எஞ்சுவது தாயின் கையிலுள்ள அறிவு ஒன்றே. அந்த அறிவை யாம் எம்மொழியிற் கொடுக்கின்றோம்?

ஈண்டுதான் தமிழாசிரியனாகிய எனக்கு வழக்கு உண்டு. சுகாதாரத் துண்டுப்பிரசுரம் ஒன்றை வகுப்பிலே மாணவி ஒருத்தியை உரத்து வாசிக்கச் செய்தேன். 'நீரிழப்பு' என்று அச்சிட்டிருந்ததை அவள் 'நீரிழிவு' என்றே வாசித்தாள். வகுப்பு முழுவதும் ஒரு குறையுங் காணாது கேட்டிருந்தது. சீனி வருத்தத்தைக் குறிக்கும் சொல் நீரிழிவு. அவ்வருத்தம் என எண்ணிய தாய் சீனி கலந்த நீரைக் குழந்தைக்குக் கொடுப்பாளோ? சிங்க் என்பதற்கு நம் விஞ்ஞானப் பாடநூல்களில் வழங்கும் பெயர் 'நாகம்'. குழந்தைக்கு நாகம் கொடுக்கவும் என்று யாரேனும் அச்சிட்டால் என்ன நிகழும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகின்றேன். தூய தமிழுக்கு யான் பகைவனல்லேன். முப்பது ஆண்டாக அதனாலேயே உண்டு வாழ்கின்றேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் இயற்றுவித்தார் என்பதை நாம் பெருமையோடு பேசுகின்றோம். அவர் தமிழ் வைத்தியர்க்கு. வைத்தியர்க்குரிய தமிழ் வேறு, தாய்க்குரிய தமிழ் வேறு.

வங்காளதேசத்தார் இதனை நன்கு உணர்ந்தனர். பிராக் என்னும் நிறுவனத்தின் பெண் ஊழியர் 1980 முதல் 1990 வரை ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் வீடுகளுக்கு நடந்து சென்று, மூவிரலாற் கிள்ளிய உப்பும் ஒருபிடி வெல்லமும் நீரிற் கலக்கும் முறையைக் கற்பித்தனர். அளக்குங் கருவி தாயின் விரலே. பின்னர் வேறோர் ஊழியர் சென்று அத்தாயை வினவுவர். அவள் எத்துணை நினைவில் வைத்திருந்தாளோ அதற்கேற்பவே கற்பித்தவளுக்கு ஊதியம். இம்முறை நம் பள்ளிக்கூடங்களுக்கு வாராதிருத்தல் ஆசிரியர் செய்த புண்ணியம்.

அடுத்த மே மாதத்திலே, கஞ்சிப் பானையின் அருகே இன்னொரு சிறு மேசை இடப்படட்டும். ஒரு லீற்றர்ப் போத்தலும், சீனியும், உப்பும், ஒரு தேக்கரண்டியும் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று கலந்து காட்டுக. வந்த தாய்மாரும் தந்தைமாரும் தம் கையாற் கலந்து பார்க்குக. சுவர்த்தாள் ஒன்றும் ஒட்டலாம். 'பிள்ளைக்கு வயித்தாலை போகுதோ? பால் குடுங்கோ. கஞ்சி குடுங்கோ. ஜீவனி கரைச்சுக் குடுங்கோ. பட்டினி போடாதேங்கோ.' இவ்வளவே அதிலிருக்க வேண்டுவது. தமிழ் திருத்துதற்கென்று அதனை என்னிடம் கொண்டுவருவாராயின், ஓரெழுத்தையும் தொடாது திருப்பிக் கொடுப்பேன்.