எந்த வாசல் மெய்யான வாசல்?

எந்த வடிவிலான காணொலியையும் ஓட்டிக் காட்டும் விஎல்சி மென்பொருளை அறியாத கணினிப் பயனர் அரிது. 1996-இல் பாரிஸ் பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர் திட்டமாகப் பிறந்து, தன்னார்வலர்களின் கூட்டு உழைப்பில் வளர்ந்த திறந்தமூல மென்பொருள் அது. 2022 பிப்ரவரியில் அதன் அதிகாரபூர்வ இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. காரணம் பொதுவெளியில் அறிவிக்கப்படவில்லை. மென்பொருளைப் பராமரிக்கும் வீடியோலேன் அமைப்புக்கு முன்னறிவிப்பும் தரப்படவில்லை. இணையச் சுதந்திர அறக்கட்டளையின் துணையோடு அந்த அமைப்பு அக்டோபரில் சட்ட அறிவிக்கை அனுப்பியது. நவம்பரில் தடை விலகியது.

அந்த ஒன்பது மாதங்களில் நடந்த விநோதத்தைக் கவனிக்க வேண்டும். மென்பொருளுக்குத் தடையில்லை, ஏற்கெனவே கணினியில் இருந்த விஎல்சி வழக்கம்போல் இயங்கியது. முடங்கியது அதைப் பாதுகாப்பாகப் பெறக்கூடிய இடம் மட்டுமே. அதே பெயரை முன்வைத்துப் பதிவிறக்கம் வழங்கும் மூன்றாம் தரப்புத் தளங்கள் தாராளமாகத் திறந்திருந்தன. அசல் கடையைப் பூட்டிவிட்டு, அதன் பெயர்ப்பலகையை நகலெடுத்த கடைகளை விட்டுவைத்தது போன்ற நடவடிக்கை அது. தேடுபொறியில் மென்பொருளின் பெயரைத் தட்டிய பயனருக்கு, கிடைத்த தளத்தை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஒரே மென்பொருளின் பெயரில் பல தளங்கள், அவற்றுள் எது உரியது என்று தெரியாத குழப்பம் என்பது தொழில்நுட்ப வல்லுநர்களின் சில்லறைச் சிக்கலாக இங்கே பார்க்கப்படுகிறது. திருச்சிராப்பள்ளி போன்ற கல்லூரி நகரத்தில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. தூய வளனார், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், பெரியார் ஈ.வெ.ரா. அரசுக் கல்லூரி, தேசியத் தொழில்நுட்பக் கழகம், பாரதிதாசன் பல்கலைக்கழகம் என நீளும் இந்நகரின் பட்டியலில், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வந்து குடும்பத்தின் முதல் கணினியைக் கையில் ஏந்தும் மாணவர்கள் ஏராளம். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்கள் அவர்களுக்கு எட்டாதவை. அவர்களுடைய கல்விக்குத் துணைநிற்பது திறந்தமூல மென்பொருள்தான். அதைத் தேடிப் போகும் வழியில்தான் பொறி இருக்கிறது.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள். தெற்கே ராஜகோபுரத்தின் வழியே நுழைந்தாலும் கிழக்கே வெள்ளைக் கோபுரத்தின் வழியே நுழைந்தாலும் சேருமிடம் ஒன்றே. இணையத்தில் அந்த உறுதி கிடையாது. ஒரே பெயர் எழுதிய இரண்டு வாசல்கள் இருவேறு இடங்களுக்கு இட்டுச் செல்லக்கூடும். அவற்றுள் ஒன்று திருடனின் வீடாகவும் இருக்கக்கூடும்.

குழப்பம் எல்லாம் மோசடியால் வருவதும் அன்று. நேர்மையானவர்கள் பிரிந்து போவதாலும் வருகிறது. ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் வரலாறு இதற்குச் சரியான சான்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2000-இல் அதன் மூலநிரலைப் பொதுவுக்கு அளித்தது. இந்திய மொழிகளுக்கான பதிப்புகள் உருவாயின. 2005-இல் மத்திய அரசு வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் அதன் தமிழ் வடிவமும் இடம்பெற்றது. தமிழில் தட்டச்சு செய்யவும் அச்சுக்கோக்கவும் முனைந்த ஒரு தலைமுறையின் மனத்தில் அந்தப் பெயர் அப்போதே பதிந்துவிட்டது.

2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. புதிய உரிமையாளரின் போக்கில் நம்பிக்கை இழந்த பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை நிறுவி, அதே மூலநிரலிலிருந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். ஆரக்கிள் 2011-இல் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அன்றிலிருந்து இரண்டு மென்பொருள்கள், இரண்டு தளங்கள். உழைப்பவர்கள் பெரும்பாலோர் ஒரு பக்கம் சேர்ந்தனர். புகழ்பெற்ற பெயரும் பழைய முகவரியும் மறுபக்கம் தங்கின. ஓப்பன் ஆபீஸின் கடைசிப் பெரிய பதிப்பு 2014-இல் வந்தது. அதன்பின் வந்தவை சிறு திருத்தங்களே. லிப்ரே ஆபீஸோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

இதன் விளைவு நடைமுறையில் எப்படி இருக்கும்? வேலைக்கான விண்ணப்பத்தை டாக்எக்ஸ் கோப்பாக அனுப்பச் சொன்னால், ஓப்பன் ஆபீஸ் வைத்திருப்பவரால் அந்த வடிவில் சேமிக்க இயலாது. திறந்து படிக்கத்தான் முடியும். லிப்ரே ஆபீஸில் அது இயல்பான வேலை. தவறான வாசலில் நுழைந்த மாணவர், இலவச மென்பொருள் என்றாலே அரைகுறை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ஓப்பன் ஆபீஸின் 20-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2020 அக்டோபரில் லிப்ரே ஆபீஸ் தரப்பு ஒரு திறந்த மடலை வெளியிட்டது. புதிய, உயிர்ப்புள்ள மென்பொருள் ஒன்று இருப்பதை உங்கள் பயனர்களுக்குச் சொல்லுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். பழைய வாசல் இன்னும் திறந்தேதான் இருக்கிறது. கௌரவப் பிரச்சினை தொழில்நுட்ப உலகிலும் நம் ஊர்ப் பங்காளிச் சண்டைக்குக் குறைந்ததில்லை.

வேர்ட்பிரஸ் கதை வேறு வகை. டாட் ஆர்க் என்று முடியும் தளத்தில் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். டாட் காம் என்று முடிவது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. வலைப்பூ எழுதிய தமிழர்களில் பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணினர். 2024-இல் வேர்ட்பிரஸின் இணை நிறுவனர் மாட் முல்லன்வெக், வேறொரு நிறுவனம் தன் பெயரால் மக்களைக் குழப்புவதாகக் குற்றஞ்சாட்ட, வழக்கு நீதிமன்றம் ஏறியது. தம் மென்பொருளுக்கே ஒரே பெயரில் இரு முகவரிகள் வைத்திருந்தவர் பிறரை அவ்வாறு கடிந்தது நகைமுரண்தான்.

திறந்தமூலம் என்றால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது மெய். ஆனால் நிரலை எடுத்தாளும் உரிமை வேறு, பெயரை எடுத்தாளும் உரிமை வேறு. டெபியன் லினக்ஸ் குழு, ஃபயர்பாக்ஸ் உலாவியில் தன் மாற்றங்களைச் செய்ய விரும்பியபோது மொசில்லாவின் வணிகமுத்திரை குறுக்கே வந்தது. ஆகவே 2006 முதல் 2016 வரை ஐஸ்வீசல் என்ற வேறு பெயரிலேயே அதை வழங்கியது. பெயரைக் காப்பது திறந்தமூல நெறிக்கு முரணானது அன்று. பயனருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது. பெரிய அமைப்புகளால் இதற்கு வழக்கறிஞர் வைக்க முடியும். ஓய்வு நேரத்தில் தனியொருவர் எழுதி இலவசமாகத் தரும் மென்பொருளுக்கு யார் வழக்காடுவது? நோட்பேட் பிளஸ் பிளஸ் மென்பொருளை உருவாக்கியவர், தம் மென்பொருளின் பெயரை ஒத்த தளம் ஒன்று விளம்பரங்களைக் காட்டி ஏமாற்றுவதாக 2024-இல் பயனர்களிடமே முறையிட நேர்ந்தது.

மோசடியாளர்களுக்கு இந்த நிலவரம் நல்ல வசதி. 2022-இல் கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளைக் கூகுளில் தேடியவர்களுக்கு முதலில் தென்பட்ட விளம்பரம் அதன் உண்மையான முகவரியையே காட்டியது. சொடுக்கியதும் எழுத்து கூட்டப்பட்ட போலித் தளத்துக்குச் சென்றது. அங்கே காத்திருந்தது கடவுச்சொற்களைத் திருடும் நச்சுநிரல். அடுத்த ஆண்டு கீபாஸ் என்ற மென்பொருளுக்கும் இதே கதி. போலி முகவரியில் 'கே' எழுத்தின் அடியில் ஒரு சிறு குறி. திரையில் படிந்த தூசி என்றே எண்ணத் தோன்றும். கீபாஸ் என்பது கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம் என்பதை நினைத்தால், பூட்டு வாங்கப் போனவரிடமே சாவியைப் பறித்த கொடுமை விளங்கும்.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் காவல் துறையும் வங்கிகளும் 'முகவரியைச் சரிபாருங்கள்' என்று அறிவுறுத்துகின்றன. கல்வி உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம், பணப் பரிமாற்றம் எல்லாவற்றையும் ஒரே மடிக்கணினியில் செய்யும் மாணவருக்கு அந்த அறிவுரை போதாது. சரிபார்க்க வேண்டுமானால் சரியானது எது என்று முதலில் தெரிய வேண்டும். விஎல்சியின் தளம் வீடியோலேன் என்ற பெயரில் இருப்பதை யார் ஊகிப்பார்? வெளியூரிலிருந்து திருச்சிக்கு வருபவர் மத்தியப் பேருந்து நிலையமா, சத்திரமா, 2025-இல் திறக்கப்பட்ட பஞ்சப்பூர் முனையமா என்று தடுமாறினால் நடத்துநரையோ தேநீர்க் கடைக்காரரையோ கேட்டுத் தெளியலாம். இணையத்தில் நாம் வழி கேட்கும் தேடுபொறியோ, காசு கொடுத்தவரின் பெயரை முதலில் சொல்லும் வழிகாட்டி.

வங்கித் துறையில் இதற்கு விடை கண்டிருக்கிறோம். வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் இறுதிக்குள் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வங்கியல்லாதவர் அந்த முகவரியைப் பெற இயலாது. உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் திறந்தமூலக் குழுக்களை இப்படி ஒரே குடையின்கீழ்க் கொண்டுவர முடியாதுதான். ஆனால் வாசலை அடையாளம் காட்டும் பொறுப்பை அரசு ஏற்பதற்கு அது தடையாகாது.

லினக்ஸ் இயங்குதளங்களில் இந்தச் சிக்கல் பெருமளவு கிடையாது. சரிபார்க்கப்பட்ட களஞ்சியத்திலிருந்து மென்பொருள் நேரே கணினிக்கு வந்துவிடும், இணையத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. 2011-இல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதல்வரான ஜெயலலிதா தொடங்கிவைத்த மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. நல்ல முடிவு, ஆனால் பயிற்சி பின்தொடரவில்லை. பாஸ் லினக்ஸ் திறக்கப்படாத அறையாகவே கிடந்தது. கேரளம் பள்ளிகளுக்கெனத் தன் சொந்த லினக்ஸ் பதிப்பை உருவாக்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்து, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து வழங்குகிறது. அங்குள்ள மாணவர் கிம்ப்பைத் தேடி விளம்பரத்தைச் சொடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனம் வழங்க 2,000 கோடி ரூபாயை ஒதுக்கியது. அத்தொகையில் மிகச் சிறு துளி போதும், இரண்டு வேலைகளைச் செய்து முடிக்கலாம். மாணவர்கள் அதிகம் நாடும் மென்பொருள்களின் உரிய முகவரிகளைத் தமிழில் விளக்கும் பக்கம் ஒன்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்டு, இடைவிடாது புதுப்பித்து வரலாம். கான்பூர் ஐஐடி லினக்ஸ் களஞ்சியங்களின் படியைத் தன் வழங்கியில் வைத்து எல்லோருக்கும் தருவதுபோல், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகமும் சரிபார்க்கப்பட்ட மென்பொருள்களை வைத்து வழங்கலாம். கணினியைப் பற்றித் தமிழில் எளிமையாக எழுதிக் காட்டிய சுஜாதா வளர்ந்தது காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில்தான். இந்தப் பணிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஒரு மென்பொருளின் தளத்தை முடக்குவதற்குமுன் அதன் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாற்று வழியைப் பயனருக்குச் சொல்ல வேண்டும். 2022-இல் இந்த மூன்றும் நடக்கவில்லை.